நாலாவது பாட்டு

ஹெட்ஃபோனை வலது காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வார் வெரோனிகா. இடது காதுக்குரிய பாதி, நரைத்த முடியில் ஒதுங்கியிருக்கும். "ரெண்டையும் மூடிட்டா நான் எங்க பாடறேன்னு எனக்கே தெரியாது" என்பார். பாடுவதற்கு முன் ஒரு மிளகைக் கடித்துக்கொள்வார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் மைக் முன் நிற்பார்.

அவருடைய தொழில் ட்ராக் பாடுவது. சினிமாப் பாட்டு ஒன்று உருவானதும் முதலில் அவர் பாடுவார். அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு, பெயருள்ள பாடகி வந்து பாடிவிட்டுப் போவார். பிறகு வெரோனிகாவின் குரலை அணைத்துவிடுவார்கள். தியேட்டரில் அந்தப் பாட்டு வரும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் அவர் எதுவும் சொன்னதில்லை.

அபூர்வமான குரல் என்று சொல்லிவிட முடியாது. சுருதி நகராத குரல். தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளாத குரல். இந்த இரண்டாவது குணம் பலமா பலவீனமா என்று தீர்மானிப்பது கடினம்.

அறுபது முடிந்த கையோடு, போன வருடம் தன் பெயரில் ஓர் ஆல்பம் போட்டார். எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகள், முழு ஆர்கெஸ்ட்ராவோடு. தி. நகர் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்த வயலின்காரர்கள் எல்லாரும் வருடக்கணக்கில் பழகியவர்கள். ஒலிப்பதிவாளர் மெஹபூப் அலி கண்ணாடிக்கு அப்பாலிருந்து சொன்னார்:

"அக்கா, கொஞ்சம் தாராளமா பாடுங்க. ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க."

"வரப்போறவங்களுக்கு எடம் விட்டே பழகிட்டேன் பாய்."

"இதுக்கு யாரும் வரமாட்டாங்க. நீங்கதான்."

வயலின்காரர்கள் சிரித்தார்கள். வெரோனிகாவும் சிரித்தார்.

ஆல்பம் வெளியானதும் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். பாராட்டை அவர் எதிர்பார்க்கவில்லை. யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் போதும் என்றிருந்தது. கைதட்டும் பொம்மைகள் வந்தன. "சூப்பர் ஆன்ட்டி" வந்தது. கனடாவிலிருந்து மகன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் வீட்டில் தனியாக மீன் கழுவிக்கொண்டே முதன்முறையாகப் போட்டுக் கேட்டார். நாலாவது பாட்டில் வயலின்கள் எழுந்தன. புல்லாங்குழல் வழிவிட்டது. குரல் வரவில்லை. பல்லவியின் இடம் காலியாகக் கடந்து போனது, சரணங்களும் அப்படியே. கையில் மீனோடு முழுப் பாட்டையும் நின்று கேட்டார்.

மாலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஜூலியட் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழுவில் எப்போதும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தோழி.

"ஏய் வெரோ, உன் பாட்டு எல்லாத்தையும் கேட்டுட்டேன்டீ!"

"நாலாவது?"

"அதான்டீ டாப்பு. உன் கொரல் அப்படியே உருக்கிடுச்சு, போ. அழுதுட்டேன்."

"தேங்க்ஸ்டீ" என்றார் வெரோனிகா.

அங்கிருந்தே அலிக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அலி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். கடைசி நேரத்தில் வயலினில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தார். வேலை முடிந்ததும் கை தானாகப் போய், எப்போதும் போல, வெரோனிகாவின் குரலை அணைத்திருக்கிறது.

"கைப்பழக்கம்க்கா. மன்னிச்சிருங்க. இப்பவே மாத்திடறேன். யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல பாய். நான்தான் கேட்டேன்."

அந்தப் பக்கம் அலி கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு இருக்கட்டும். நாளைக்கு மாத்துங்க."

கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் குழந்தைகளும் சுண்டல்காரர்களுமாக ஒரே இரைச்சல். கரையேற்றி வைத்திருந்த படகு ஒன்றின் ஓரமாகப் போய் நின்றார் வெரோனிகா. செருப்பைக் கழற்றினார். இரண்டு காதிலும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு நாலாவது பாட்டைப் போட்டார். வயலின்கள் எழுந்தன. புல்லாங்குழல் வழிவிடும் நேரத்தில், இடது காதில் இருந்ததை மட்டும் கழற்றினார்.