மூச்சு வாங்கும் இடம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. சாவியில்லாத பூட்டுக் குவியலுக்கு அருகே உட்கார்ந்து இசைத்தட்டுகளைப் புரட்டுகிறேன். சினிமாப் பாட்டுகளை வேறு யாரையாவது பாடவைத்து மலிவாக விற்ற தட்டுகள்தான் நான் தேடிச் சேர்ப்பவை. அட்டையில் பாடியவர் பெயரே இருக்காது.

“இதத் தேடி இம்புட்டுத் தூரம் வாரீகளே சார்” என்கிறார் கடைக்காரர் சூசை. “மயில் படம் போட்ட அட்டை எங்கயாச்சும் கண்டா எனக்குச் சொல்லுங்க. அதுல பாடுனது எங்க வீட்டம்மா. கோயில்ல அவ பாடுறதக் கேட்டுட்டு மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனாக. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கும். அப்ப மூத்தவ வயித்துல எட்டு மாசம்.”

“இப்ப அவங்க?”

“போயி மூணு வருசமாச்சு. அவ குரலு வேற எதுலயும் இல்ல.”

அந்தத் தட்டு என் வீட்டில் இருக்கிறது. நண்பர்கள் வரும்போதெல்லாம் அந்த மூச்சிரைப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு அவர்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போனதும் அனுப்பிவைப்பதாகச் சொல்லி அவர் முகவரியை வாங்கிக்கொள்கிறேன். சரியாக அந்த இடத்தில்தான் தட்டு தேய்ந்துபோய் வெறும் கரகரப்பு கேட்கிறது என்பதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.