ராஜகோபால் விட்ட கமா

நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் ராஜகோபால்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. வேலை மெட்ராஸில், வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தறியில் உட்கார உடம்பு வணங்காத பிள்ளை என்று தெருவே கேலி செய்தது. அவரும் சளைத்தவர் இல்லை, மெஷின் சொன்னால் சொன்னதுதான் என்று அளப்பார். கொஞ்சம் திமிர் பிடித்த மனிதர்.

மனைவி பொன்னியம்மாளுக்கு விடாத இருமல். அந்த வருஷம் எங்கள் தெருக்களில் காசநோய் பார்க்க எக்ஸ்ரே வேன் வந்தது. அவளும் வரிசையில் நின்றாள். விவரம் எழுதியவர் கணவர் பெயரைக் கேட்டார். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நிற்பவள்தான் எடுத்துச் சொல்வாள். அன்று பின்னால் நின்றவள் புதிதாகக் குடிவந்தவள், அவளுக்குத் தெரியாது. பொன்னியம்மாள் தலை குனிந்துகொண்டாள். எழுதியவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரார் விவரமெல்லாம் மெஷின் படிப்பதற்காக அட்டையில் துளைகளாகி ராஜகோபாலின் மெஷினுக்கே வந்தது. ஆளுக்கு ஒரு வரியாக, பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வயது, எக்ஸ்ரே முடிவு என்று நடுநடுவே கமா போட்டு டேப்பில் எழுதும் புரோகிராம் அவருடையது. சுகாதார அலுவலகத்து மெஷின் கமாவைப் பார்த்துக் கட்டம் பிரித்துக்கொள்ளும். நான்காவது கட்டத்தில் நோய்க்குறி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அந்த ஆளுக்குச் சீட்டு போகும். காலி விவரம் வந்தால் இரண்டு கமா ஒட்டி நிற்குமே, அது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று காலியைத் தாண்டிப் போகும்படி எழுதி வைத்திருந்தார் மகராசன். அதனால் பொன்னியம்மாளின் வரியில் எல்லாம் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிட்டது. நோய்க்குறி வயதின் இடத்தில் போய் உட்கார்ந்தது, நான்காவது கட்டம் வெறுமையாக நின்றது. அவளுக்குச் சீட்டு வரவில்லை.

"மெஷின் போட்ட சீட்டுலியே உன் பேரு வரலமா. உனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா பயந்துக்கினு இருக்காத" என்றார் ராஜகோபால்.

அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருமிக்கொண்டே நெய்தாள்.

ஆடி மாதம் ரத்தமாகக் கக்கினாள். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ராஜகோபால் மெட்ராஸுக்கு ஓடி அவளுடைய அட்டையைத் தேடி எடுத்தார். நோய்க்குறிக்குத் துளை போட்டுத்தான் இருந்தது. தன் புரோகிராமை எடுத்துப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதார். அழுகையோடு, "என் பேரைச் சொல்லியிருக்கலாமேமா" என்று கேட்டும்விட்டார். தப்பைத் தன்மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பொன்னியம்மாளுக்குக் கோபம் வரவில்லை.

"சொன்னா உங்க ஆயுசு கொறஞ்சிடும்னு சொல்லுவாங்க இல்ல? நீங்க ரொம்ப நாளு இருக்கணும்" என்றாள்.

"நீ இல்லாம அந்த ஆயுச வெச்சிக்கினு நான் இன்னா பண்றதுமா?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.