படம் வந்தால் பெங்களூர் இல்லை

என் மாமனார் ஞானசம்பந்தம் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆபீஸில் மலையாளம், குன்னத்துகால் கிராமத்து வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். என் மாமியார் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். தானே சமைப்பார், ஏத்தன் வாழைக்குத் தானே தண்ணீர் விடுவார், காலையில் டீக்கடைக்குப் போய் இரண்டு பாஷைப் பேப்பரையும் படித்து இரண்டையும் திட்டிவிட்டு வருவார். அவர் வைக்கிற உள்ளித்தீயல் குழம்புக்காகவே நான் பெங்களூரிலிருந்து ரயில் ஏறுகிறேன் என்று சொன்னால் பாறசாலையில் என்னைப் பெற்றவளுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

ஒரே ஒரு கெட்ட குணம். ஒன்று ஓடவில்லை, உடைந்தது, முடியவில்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டார். போன மாதம் ரிமோட்டில் எதையோ அமுக்கி டிவி நின்றுபோனது. எத்தனையோ நாள் இருட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மனுஷன் மூச்சு விடவில்லை. போனில் கேட்டால் நியூஸ் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்பார். பக்கத்து வீட்டு லீலாபாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, கேபிள்காரனை அனுப்பிச் சரிசெய்ய வைத்தோம்.

அதோடு என் வீட்டுக்காரர் ராஜீவ் முடிவு செய்துவிட்டார். தீபாவளிக்கு ஊருக்கு வந்ததும், அப்பாவைக் கையோடு பெங்களூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். டிவி நின்றதையே சொல்லாதவர் நாளைக்கு நெஞ்சு வலித்தால் சொல்வாரா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பன்னிரண்டாவது மாடி ஃப்ளாட்டில், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

"எலே, எனக்கு இங்க என்ன குறைவு உண்டு?" என்றார் மாமா. "அங்க வந்து நான் ஆரிட்ட சண்டை போடுவேன்?"

பேச்சு முற்றிக்கொண்டிருக்க, மச்சில் சாமான் ஒதுக்கும்போதுதான் அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டி அகப்பட்டது. ராஜீவ் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மாமா திருவனந்தபுரத்தில் வாங்கியது. மகனுக்கு என்று பேர், ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஆடியது அவர்தானாம். ராஜீவ் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒத்தையா நின்னு படம் வரவைங்க, பாப்போம். வந்துதுன்னா நான் இனி பெங்களூர்னு வாயத் திறக்க மாட்டேன். வரலேன்னா எங்ககூட வாறீங்க."

மாமா சரி என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னதை அவர் பிடித்துக்கொள்வார் என்று ராஜீவும் நினைக்கவில்லை. அப்பனும் மகனும் வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களல்ல. நடுவில் எனக்குத்தான் தலைவலி.

மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா உட்கார்ந்தார். கேம் பெட்டியின் வயரை டிவியின் ஆன்டெனா துளையில் செருகினார், சுவிட்சைப் போட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் வெறும் நீலம். டிவி இன்னும் கேபிள்காரன் கொடுத்த பெட்டியிடம்தான் படம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதை ஆன்டெனா பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் பந்தயம் போய்விடும். மாமா ரிமோட்டில் ஒரு பொத்தான் விடாமல் அமுக்கி அந்த இடத்துக்குத் தானே போய்ச் சேர்ந்தார். எனக்குக் கைதட்டலாம்போல இருந்தது.

பிறகு கேம் எந்தச் சேனலில் வருகிறது என்று டிவியைத் தேடவிட்டார். தேட ஆரம்பித்ததும் கேம் பெட்டியை அணைத்துவிட்டார். தேடி முடியட்டும், அதுவரைக்கும் எதுக்குக் கரண்ட் என்று கணக்கு. எரியாத பெட்டியை டிவி எங்கே போய்த் தேடும்? சர்க்கார் ஆபீஸில் ஆளில்லாத மேஜைக்கு ஃபேன் சுற்றினால் எழுந்து போய் அணைத்த கை, அது அப்படித்தான் செய்யும். இதையும் அவரே கண்டுபிடித்து, தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு, பெட்டியை எரியவிட்டுத் தேடினார். அப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது.

அதற்குள் துலாமழை, அதாவது ஐப்பசி மழை, இடித்தது. எங்கள் பக்கத்தில் முதல் இடி கேட்டதும் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். மாமா அதற்கும் மேலே. ஆன்டெனா வயரைப் பிடுங்கி அதன் நுனியைக் கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு வைப்பார், புட்டிக்குள் இருந்தால் மின்னல் தேடி வராதாம். அந்தக் காலத்தில் மகன் கேம் ஆடிக்கொண்டிருந்தாலும் விடமாட்டாராம், அந்த வயருக்கும் புட்டிதான். இன்றும் ஓடிப்போய் ஒரே இழுப்பு.

மழை விட்டு மறுபடி மாட்டினார். மறுபடி புள்ளி. இந்த வீட்டை விட்டுப் போகிற நினைப்பு மாமாவின் முகத்தில் வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை, அடுக்களைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்த என் புருஷன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓடாத சாமானைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். வயரை இப்படி அப்படி வளைத்தார். ஒரு வளைவில் படம் மின்னி மறைந்தது. விஷயம் அங்கேதான். மாமா வயர் நுனியிலுள்ள பின்னைப் பிடித்து இழுக்கிறவரல்ல, வயரைப் பிடித்து இழுக்கிறவர். வருஷக்கணக்காக இடிக்கு இடி இழுத்ததில் வெளியே ரப்பர் முழுசாக இருக்க, பின்னுக்குள் செம்புக்கம்பி அறுந்திருந்தது. ராஜீவ் நுனியை வெட்டினார், பிளேடால் தோலைச் சீவினார், புதிதாகத் தெரிந்த கம்பியைப் பின்னுக்குள் விட்டு அதன் திருகாணியை முறுக்கினார். மாட்டியதும் டிவியில் படம் குதித்து வந்தது. கீழே இரண்டு குட்டி டாங்கி, சுற்றிலும் செங்கல் சுவர்.

"வந்துட்டு!" என்று சின்னப்பிள்ளைபோலக் கத்திவிட்டு ராஜீவ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, தான் எந்தக் கட்சி என்று.

மாமா சிரிக்கவில்லை.

"படம் கொண்டுவந்தது நீயாக்கும், மக்கா. நானில்ல. சொன்னது சொன்னதுதான். நான் வாறேன்."

சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டி படுக்கையை எடுக்க அலமாரியைத் திறந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? கொஞ்சம் பொய் சொன்னால் என்ன?

ராஜீவ் என்னைப் பார்க்கவில்லை. வயரைக் கழற்றினார். தான் முறுக்கிய திருகாணியைத் தானே தளர்த்தி, கம்பியை வெளியே எடுத்துப் போட்டார். டிவி மறுபடி புள்ளியானது. பிளேடையும் பின்னையும் தரையில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அப்பா, படம் போயிட்டு. வந்து பாருங்க."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை இந்த அளவுக்கு எனக்குப் பிடித்ததில்லை.

மாமா வந்து நின்று, கழன்று கிடந்த கம்பியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்பி பின்னுக்குள் போக மாட்டேன் என்றது. விரலில் குத்தியது. நாங்கள் இரண்டு பேரும் கை கொடுக்கவே இல்லை. கடைசியில் திருகாணியை முறுக்கி டிவியில் மாட்டினார்.

படம் வந்தது. மாமா ஒரு கன்ட்ரோலரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மற்றதை மகனிடம் நீட்டினார். ராஜீவ் அதை வாங்கிக்கொண்டு, மாமாவுக்குப் போட்டிருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும்படி என்னிடம் சொன்னார்.