மணி அடித்ததும் காணாமற்போன என் மகள்

நம் பங்குப் பள்ளியின் பழைய கதைகளைப் பேசும் இந்த நாளில், கடவுள் அங்கே எனக்குச் செய்ததையும் சொல்ல விடுங்கள்.

1996 குளிர்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு, இந்த மல்வேர்னுக்கு வந்து சில மாதங்கள்தான். தொழிற்சாலையில் நின்ற எனக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. என் ஏழு வயது மகள் ஜெனிற்றாவைக் காணவில்லை.

தீ ஒத்திகைக்கு மணி அடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளியே போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இவள் மட்டும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய குளிர் ஜாக்கெற் வகுப்பு வாசலிலேயே தொங்கியது. வெளியே முகத்தை அறுக்கும் குளிர். பொலிஸ் தெருத் தெருவாகத் தேடியது. ஷெல்லடிக்குத் தப்பிக் கொண்டுவந்த பிள்ளையைப் பனியில் சாகக் கொடுக்கவா இங்கே வந்தேன்?

"கோயிலுக்குக் கீழயும் கூப்பிட்டுப் பார்த்தாச்சு, அன்ரி. சத்தமே இல்லை," என்றாள் பள்ளியில் உதவிக்கு நின்ற தமிழ்ப் பிள்ளை.

கட்டடம் எழும்ப முன் நம் பள்ளி தொடங்கியது கோயிலுக்குக் கீழே இருக்கும் அந்த நிலவறையில்தான். அப்போது அங்கே பழைய மேசைகளும் கிறிஸ்மஸ் குடில் பெட்டிகளும் கிடந்தன. நான் பள்ளியை ஒட்டிய கோயிலுக்குள் ஓடினேன். நிலவறைப் படியருகே முழந்தாளிட்டேன். என்ன கேட்டு மன்றாடுவது என்றே தெரியவில்லை. "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று கத்தத் தொடங்கி, முதற்பாதி முடிந்ததும் அழுகையில் குரல் நின்றுபோனது.

கீழேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"புனித மரியாயே, இறைவனின் தாயே..."

விழுந்தடித்து இறங்கினேன். பெட்டிகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள் என் பிள்ளை.

"அம்மா, பொம்மர் போயிட்டுதே?"

"ஓம் ராசாத்தி, போயிட்டுது. ஏன் கூப்பிடக் கூப்பிடப் பேசேல்லை?"

"பங்கருக்குள்ள செபத்தைத் தவிர வேற சத்தம் போடக் கூடாதெல்லோ?"

ஊரில் குண்டு போட பொம்மர் விமானம் வருகிறதென்று சைரன் கேட்டால், வீட்டுப் பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்குவோம். ஒருவர் அந்த மரியாள் செபத்தின் முதற்பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதி சொல்லுவோம். மணிச் சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே போக, இவள் கோயிலுக்குக் கீழே ஓடியிருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செபமாலை தவறுவதில்லை. அடுத்த ஒத்திகையில், ஊரிலிருந்து புதிதாய் வந்த ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனவள் ஜெனிற்றாதான்.

அன்பானவர்களே, செபிக்க வார்த்தை வராத நாளில் தெரிந்த பாதியையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு மறுபாதி என் பிள்ளையின் குரலில் வந்தது.