பொருக்கைப் பிய்க்காத லூர்து டீச்சர்

லூர்து டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய தம்பி அந்தோணி போனில் சொன்னபோது, நான் பெரம்பலூரில் என் வீட்டு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க டீச்சர். காபி கொண்டு போயி எழுப்புறேன், எந்திரிக்கல" என்றார். ஐயோ என்றோ, எப்போது எடுக்கிறீர்கள் என்றோதான் யாரும் கேட்பார்கள். என் வாயில் வந்தது வேறு. "சாயந்திரம் கேட்டுல யாரு நிப்பாங்க?" என்று கேட்டேன். அதுவரை தைரியமாகப் பேசிக்கொண்டிருந்த அந்தோணி அதைக் கேட்டதும் உடைந்து அழுதார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி புரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லங்குறிச்சிக்குப் போகிற வழியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். லூர்து அங்கே உடற்கல்வி ஆசிரியை. நான் கணக்கு. ஓய்வுபெற்ற பிறகும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவர் வாசலில் வந்து நின்று, விசில் ஊதி லாரிகளை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவார். சம்பளம் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அந்த இடத்தில் நிற்பதற்கு அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சிரிப்பான சங்கதி. ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். லூர்துதான் தன் தகரப் பெட்டியைத் திறந்து மருந்து போட்டார். புண் காய்ந்து பொருக்குக் கட்டியது. எனக்குக் கை சும்மா இருக்காது. பேப்பர் திருத்திக்கொண்டே ஒரு நகத்தால் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். லூர்து பின்னாலிருந்து வந்து படீரென்று கையில் ஒரு அடி வைத்தார். "பிள்ளைங்க பரவால்ல போலருக்கு. உள்ள வேலை நடக்குதுங்க கலா டீச்சர். முடியிற வரைக்கும் கதவத் தட்டாதீங்க" என்றார். ஆசிரியர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அது வெறும் முழங்கைப் பேச்சு.

ஸ்டெல்லா அவருக்கு ஒரே மகள். கணவர் அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே நோயில் போய்விட்டார். தாயும் மகளுமாக இரண்டே பேர், வீடு நிறையப் பேச்சு. ஸ்டெல்லா பெரம்பலூரில் கல்லூரியில் படித்தாள். ஒரு நாள் மாலை அம்மாவைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்தவள், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே லாரிக்கு அடியில் போய்விட்டாள். லூர்து அப்போது வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். "மனச ஆத்திக்கங்க", "காலம் ஆத்திடும்", "ஆறுதலா இருங்க" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். லூர்து சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் மூன்றாம் முறையாக ஆற்றச் சொன்னபோது மெதுவாகத் திரும்பி, "ஆத்துறதுக்கு இது என்ன காபிங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எந்தத் தலைவலியை எதோடு ஒப்பிடுவது?

சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆனால் சாலைப் பக்கமாக வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் பள்ளம் உண்டு. வேண்டிய கல்லை எடுத்துக்கொண்டு, நாலு கம்பியை நட்டு வேலி என்று பேர் பண்ணிவிட்டு, எடுத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அதன் விளிம்பில் ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தச் சுற்று வழியில்தான் வந்தார், போனார். விசிலை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். விளையாட்டு நேரத்தில் கைதட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அந்தச் சாலையை அவர் இனி மிதிப்பாரா என்று எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. மிதிக்காத வரை அவர் பாதி ஆள்தான் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

துணைக்கு நானும் சில நாள் அந்தப் பாதையில் போவேன். முதலில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. வெயிலில் கண் கூசும் வெள்ளை. ஒரு புல் கிடையாது. ஒரு மழைக்குப் பிறகு அடியில் தேங்கிய நீர் வற்றி, சேறு காய்ந்து, ஓரம் ஓரமாகச் சுருண்டு ஏடு ஏடாகக் கிடந்தது. லூர்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். "கலா டீச்சர், இங்க வாங்க. பொருக்குக் கட்டுது" என்றார். என் செருப்பு நுனி தானாக ஒரு ஏட்டை நெம்பப் போனது. "காலையும் அடக்குங்க" என்றார். மகள் போன பிறகு அவர் குரலில் குறும்பை நான் கேட்டது அன்றைக்குத்தான். ஏட்டின் நிழலில் விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைப் பூச்சு இருந்தது. பாசிதான். அதை நாங்கள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் நத்தையும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அப்படி ஒரு கல் நத்தையை விளிம்பில் கண்டெடுத்து, மணலைத் தட்டி, என் கையில் கொடுத்தார். "கடலே போயிருக்கு பாருங்க இந்த எடத்த விட்டு. அப்புறமும் மண்ணு கெடந்துச்சு, கம்பு வெளஞ்சுச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதிருந்த எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. ஸ்டெல்லாவின் நினைவாக அந்தப் பள்ளத்தைச் சீர்செய்து மரக்கன்று நடுவது, ஜேசிபி வைத்துக் குழி எடுப்பது, பெயர்ப் பலகை வைப்பது என்று. ஆசிரியர் அறையில் எல்லாரும் கை தட்டினோம். லூர்து எழுந்து நின்றார்.

"வேணாங்க சார்."

"ஒங்க பொண்ணு பேருலதான் டீச்சர். நல்ல காரியம்."

"நல்லதுதாங்க சார். ஆனா அது இப்பதான் பொருக்குக் கட்டியிருக்கு. ஜேசிபிய எறக்குனா மறுபடியும் ரத்தம் வரும்."

தலைமை ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பள்ளத்தைப் பற்றிப் பேசினார், லூர்து இரண்டைப் பற்றியும் பேசினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று நான் பக்கத்து டீச்சரிடம் முணுமுணுத்தது தலைமை ஆசிரியர் காதிலும் விழுந்துவிட்டது. கடைசியில் பள்ளத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிக் கன்று நடுவதென்று முடிந்தது. பெயர்ப் பலகை மட்டும் வேண்டாம் என்று லூர்து கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தலைமை ஆசிரியர் நட்ட வேம்பும் புங்கனும் நன்றாகவே வந்தன. இன்றைக்கு அவற்றின் நிழலில்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். லூர்து தொடவிடாமல் காத்த பள்ளத்திலோ முதலில் வந்தது சீமைக்கருவை. "ஒங்க பொருக்குல முள்ளுதான் மொளைச்சிருக்கு" என்று நான் கேலி செய்தேன். அவர் கோபப்படவில்லை. "வரட்டும். மொதல்ல வர்றது முள்ளாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான இருந்துச்சு? ஒங்கள எத்தன நாளு கடிச்சிருக்கேன்" என்றார். அது பொய் இல்லை. அந்த நாட்களில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது. முள்ளின் நிழலில் புல் வந்தது. நீரோரம் கோரை வந்தது. ஒரு மார்கழியில் ஒரு முக்குளிப்பான் பறவை குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தது. நீர் ஆழம் என்பதால் லூர்து ஆடு மாடு மேய்க்கிறவர்களையும் பிள்ளைகளையும் இறங்கவிடாமல் சத்தம் போடுவார். பறவைகளை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் விடாத மழை. பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து அந்த ஒற்றையடிப் பாதையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. லூர்துவுக்குச் சுற்று வழி இல்லாமல் போனது. வேலையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். வாங்க" என்றார்.

ஆசிரியர் அறையிலிருந்து ஓடினேன். சாலையின் எதிர்ப்புறம் நின்றிருந்தார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இரண்டு எட்டு எடுத்து வைத்தார். தூரத்தில் ஒரு லாரி வருவது தெரிந்ததும் சாலை நடுவிலேயே நின்றுவிட்டார். இழுத்தேன், அசையவில்லை. லாரி நின்றது. ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். தலையை நீட்டி, "போங்கம்மா, நான் நிக்கிறேன்" என்றார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. லூர்து அந்த லாரியின் முன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்தார்.

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க. எனக்கு நேரமாகும்" என்றார்.

அந்த மனிதருக்கு எங்கள் கதை தெரிந்திருந்ததோ என்னவோ தெரியாது. இன்ஜினை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய், ஹாரன் அடித்தவர்களிடம் ஏதோ சொன்னார். ஹாரன்கள் அடங்கின. லூர்து அழுதார். நடுச்சாலையில், காலை வெயிலில், வாய்விட்டு அழுதார். அடக்கம் அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். ஆறுதல் சொல்லக் கூடாது என்பதை அதற்குள் கற்றிருந்தேன். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, மீதிச் சாலையைக் கடந்தார். நேராகப் போய் மேசை டிராயரைத் திறந்தார். அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டபோது வாசலில் விசில் சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவர் அந்த இடத்தை விடவில்லை. லாரிக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு வணக்கம் சொன்னார்கள். ஒருமுறை, "இப்ப ஆறிடுச்சா லூர்து?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஆறிடுச்சான்னு கேக்காதீங்க. பொருக்கு நிக்குதான்னு கேளுங்க. நிக்குது" என்றார். ஸ்டெல்லா விழுந்த இடத்தின் மேல் மட்டும் அவர் கடைசிவரை கால் வைத்ததில்லை. ஒரு எட்டு தள்ளியே நிற்பார். அதையும் யாரும் கேட்டதில்லை.

வரதராஜன்பேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் மகளுக்குப் பக்கத்திலேயே அவரை வைத்தார்கள். விசிலை அந்தோணி அவர் கையில் வைத்தே அனுப்பினார். என்னிடம் அவர் பொருள் என்று இருப்பது அந்தக் கல் நத்தை ஒன்றுதான். திரும்பும் வழியில் என்னால் நேரே வீட்டுக்குப் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கினேன். மணி அடித்தது. பிள்ளைகள் வாசலில் வந்து குவிந்தார்கள். விசில் இல்லை. ஒரு லாரி வந்தது.

லாரி தானாக நின்றது. அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது. பிள்ளைகள் எப்போதும் போலப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். கடைசிப் பிள்ளை போன பிறகும் லாரி கிளம்பவில்லை. ஓட்டுநர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"டீச்சரம்மா வரலீங்களா இன்னிக்கி?"

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது. அது ஏற்கெனவே என் வாயில் இருந்தது.

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க தம்பி" என்றேன். "எனக்கு நேரமாகும்."