கூலருக்கு எதிரே இரண்டு பெட்டிகள்

மீனாக்ஷியைப் பற்றி அவள் குடும்பத்தில் ஒரு வாக்கியம் புழங்கிவந்தது. "மீனாக்ஷி ஒண்ணும் சொல்ல மாட்டா." திருச்சியில் அப்பா இறந்த கையோடு தில்லியிலிருந்து ஸ்டெனோ வேலைக்கு ஆர்டர் வந்தபோது, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். அண்ணா வைத்தி இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ரயிலேற்றினார். பிறகு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனபோதும் சொன்னார், வீட்டை விற்றபோதும் சொன்னார். வைத்தி கெட்டவர் இல்லை. ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வது சௌகரியம். அவர் சௌகரியத்தை விரும்புகிறவர், அவ்வளவுதான்.

தில்லியில் அவளுக்குக் கிடைத்த பிழைப்பும் அடுத்தவர் சொல்வதை எழுதிக்கொள்வதுதான். அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, இவள் சுருக்கெழுத்தில் பிடித்து, பிறகு தட்டச்சு செய்து கொண்டுபோய் வைக்க வேண்டும். குடியிருந்தது வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதியில், இரண்டு கட்டில் போட்ட அறையில். அறைத்தோழிகள் கல்யாணமாகிப் போனார்கள், மாற்றலாகிப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். மீனாக்ஷி ஜன்னலோரக் கட்டிலிலேயே இருந்தாள். அடுத்தவளுக்குத் தொந்தரவாகக் கூடாது என்று டிரான்சிஸ்டரின் இயர்ஃபோனை ஒரு காதில் செருகிக்கொண்டு கச்சேரி கேட்பாள். ஒரு காதில் கல்யாணி ராகம், மறு காதில் அறைத்தோழியின் குறட்டை. வாலிபம் முழுவதும் அவள் சங்கீதம் கேட்ட லட்சணம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று அதிகாரி அவளை வீட்டுக்கு வரவழைத்திருந்தார். கூடத்தில் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் தரையில் நின்றன. உள்ளே யாரோ ஒரு வீணை ரெக்கார்டைப் போட்டார்கள். வீணைக்காரர் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அவர் தந்தியை இழுக்க, அது நெளிந்து வளைந்து அடங்கும் இடம்வரை கேட்டது. இயர்ஃபோனில் இவளுக்கு மீட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறது, இழுப்பு கேட்டதில்லை. அன்று அவள் டிக்டேஷனில் ஒரு வரியை விட்டுவிட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் விட்டதில்லை.

ஜனதா ஆட்சி வந்து, அதுவும் போன பிறகு, சரோஜினி நகரில் அவளுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறையை ஒட்டி ஓர் அரை அறை. தில்லித் தமிழர்கள் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் முதலில் பால் காய்ச்சுவார்கள், அடுத்து சுவாமி படம் மாட்டுவார்கள். மீனாக்ஷி பாலைக் காய்ச்சிவிட்டு, முன்னறையின் இரண்டு மூலைகளிலும் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்தாள். ஸ்பீக்கர்கள் நிற்கப் போகிற இடம். ரெக்கார்ட் பிளேயரும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. மாற்றலாகிப் போன ஒரு வங்காளிக் குடும்பம் கழித்துக் கட்டிய சாமான்கள் அவை. ஆம்ப்ளிஃபயர் ஒரு டிபன் கேரியர் கனம்கூட இருக்காது. அதன் திராணியும் அவ்வளவுதான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆபீஸில் யார் எது வாங்கினாலும் கூடவே போய் வாங்கித் தருவது பாலசுப்ரமணியத்தின் பொழுதுபோக்கு. திருநெல்வேலிக்காரர், பக்கத்து செக்‌ஷனில் அசிஸ்டெண்ட். பிரஷர் குக்கரிலிருந்து பெண்ணுக்கு மாப்பிள்ளை வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே அளவுகோல்தான்.

"கனம் இருக்கணும் மேடம். ஸ்பீக்கர்னா தூக்கும்போது முதுகு விண்ணுனு பிடிக்கணும். கனம் இல்லாட்டா அது வெறும் தகர டப்பா, பாத்துக்கிடுங்க."

பனி மூடிய ஒரு ஜனவரி சனிக்கிழமை, இருவரும் கன்னாட் பிளேஸிலிருந்து பட்பட்டி என்கிற பெரிய மோட்டார் ரிக்‌ஷாவில் ஏறி, செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் போய் இறங்கினார்கள். சர்தார்ஜி ஒருவரின் கடையில் பாலசுப்ரமணியம் பெட்டிகளைத் தேங்காய் பொறுக்குவது போல விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். தட்டினால் சத்தமே எழாத ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். சர்தார்ஜி அதைத் தம் கடையின் பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். கடை அதிர்ந்தது. மீனாக்ஷியின் கையிருப்பு போதுமா போதாதா என்று இழுத்து, கடைசியில் போதுமென்று ஆயிற்று. பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவர இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கினார்கள். பாலசுப்ரமணியத்தின் முகத்தில் திருப்தி.

வீட்டில் அவளுடைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டியபோது கடை அதிர்ந்த மாதிரி எதுவும் அதிரவில்லை. சத்தக் குமிழை முக்கால்வாசி திருப்பினால்தான் அந்தப் பெட்டிகள் வாயைத் திறந்தன. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அந்தக் கதை. ஆனாலும் வீணை கேட்டது, இழுப்பும் கேட்டது. அவள் பஞ்சு ரஜாயைப் போர்த்திக்கொண்டு, இரண்டு காதாலும், யாருக்கும் பயப்படாமல் கேட்டாள். தனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை அவள் மறந்துவிட்டாள். தெற்கிலிருந்து வந்தவர்கள் எத்தனை வருஷம் தில்லியில் இருந்தாலும் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். நம் ஊரில் ஜனவரியானாலும் மே ஆனாலும் விசிறி ஒரே மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும், வீட்டின் சத்தம் மாறாது. தில்லி வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு காது. ஜனவரியில் விசிறி ஓடாது, ஜன்னல் திறக்காது, பக்கத்து வீட்டில் பால் பொங்குவது இங்கே கேட்கும். மே மாதம் ஜன்னலில் கூலரை வைத்தாக வேண்டும். தகரப் பெட்டிக்குள் வெட்டிவேர்த் தட்டியும் தண்ணீரும் ஒரு ராட்சச விசிறியுமாக அது போடுகிற சத்தத்தில், எதிரே இருப்பவர் வாயசைப்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதை நிறுத்தினாலோ அறை அடுப்பாகிவிடும்.

கூலர் வந்த அன்று வீணை போய்விட்டது. குமிழை முழுக்கத் திருப்பினாள். சின்ன ஆம்ப்ளிஃபயர் தொண்டை கட்டிக் கரகரத்தது. அந்த மகா கனமான பெட்டிகள் வாய்க்குள் முனகின. மீட்டு கேட்டது, இழுப்பு கேட்கவில்லை. இதற்கு விடுதியே தேவலை என்று அவளுக்கு அழுகை வந்தது.

அந்த வாரமே வைத்தியிடமிருந்து ஆபீஸுக்கு டிரங்கால் வந்தது. அவருக்குத் தில்லிக்கு மாற்றலாகியிருந்தது, மனைவி வத்சலாவோடு வருகிறார்.

"நானும் வத்சலாவும் ஜூன்ல வந்துடறோம். குவார்ட்டர்ஸ் கிடைக்கற வரைக்கும் உன்னோடதான். முன்ரூம்ல நாங்க இருந்துக்கறோம், அங்கதானே கூலர் இருக்குன்னே. நீ பின்னால படுத்துக்கோ. மீனாக்ஷி ஒண்ணும் சொல்ல மாட்டான்னு வத்சலாகிட்ட சொல்லிட்டேன்."

குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரைக்கும் என்றால் அர்த்தம் தில்லியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் ஆகும், மூன்றும் ஆகும். ரயிலில் வந்து இறங்குகிற உறவுக்காரனை வெளியே நிற்கச் சொன்ன தமிழ்க் குடும்பம் என்று ஒன்றை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மீனாக்ஷி போனில் "சரிண்ணா" என்றாள். இத்தனை வருஷம் ஒரு கட்டிலோடு வாழ்ந்துவிட்டு, இப்போதுதான் ஓர் அறை கிடைத்திருக்கிறது. அதை முழுசாக ஒரு வெயில்காலம்கூட அவள் அனுபவிக்கவில்லை.

புத்திசாலியாக இருந்தால் ஸ்பீக்கர் ஆசையை அத்தோடு மூட்டை கட்டியிருப்பாள். மீனாக்ஷி அடுத்த சனிக்கிழமை, தன் ஆம்ப்ளிஃபயரையும் வீணை ரெக்கார்டையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்து சர்தார்ஜி கடைக்குப் போனாள். பாலசுப்ரமணியமும் வந்தார். தாம் வாங்கித் தந்த பொருளில் குற்றம் என்றால் அவரால் வீட்டில் இருக்க முடியாது.

"பாயி சாப், கூலர் சலா தீஜியே," என்றாள்.

பாவம், வெயிலில் வந்திருக்கிறாள் என்று சர்தார்ஜி கூலரைப் போட்டு, ஒரு சோடாவும் வரவழைத்தார். அவள் நாற்காலியைக் கூலருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்தாள். குமிழைப் பாதியில் நிறுத்தி, அதை யாரும் தொடக்கூடாது என்றாள். இனி ஒவ்வொரு ஜோடியாக மாட்டுங்கள், எதில் வீணை இங்கே வந்து சேருகிறதோ அதுதான் வேண்டும் என்றும் சொன்னாள். கடைக்காரருக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் சலிப்பு, அதற்கப்புறம் அவருக்கே பந்தயம் போல ஆகிவிட்டது. பளபளத்தவை, பித்தளை வளையம் போட்டவை, கனத்தவை என்று மாட்டிக்கொண்டே போனார். எல்லாம் கூலருக்கு முன் வாயில்லாப் பூச்சிகளாக நின்றன.

கடைசியில் பின்கட்டிலிருந்து ஒரு ஜோடியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நெட்டையான, மெல்லிய பலகைப் பெட்டி. உள்ளே அகலமான காகிதக் கூம்பு, முகத்தில் பாசி நிறத் துணி. யாரோ ஒரு கீர்த்தன் கோஷ்டி, தங்களிடமிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயருக்கென்று செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போய்விட்டதாம். ஊசியை வைத்ததும் வீணை கூலர் சத்தத்தைத் தாண்டி வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. குமிழ் அதே பாதியில்தான் இருந்தது. தந்தியின் இழுப்பு அடங்குகிற இடம்வரை கேட்டது.

"இது கொஞ்சமாத் தின்னும், நிறையப் பேசும்," என்று சர்தார்ஜி ஹிந்தியில் சொன்னார். வருஷக்கணக்காக விற்காமல் கிடந்த சரக்கு போகிற மகிழ்ச்சி அவருக்கு.

பாலசுப்ரமணியம் ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்லையே மேடம்," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பழைய ஜோடியை, அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு சர்தார்ஜி எடுத்துக்கொண்டார். புதியவை மலிவுதான் என்பதால் நஷ்டம் பெரிதாக இல்லை. அன்று மாலை சாக்பீஸ் கட்டங்களுக்குள் பாசி நிறப் பெட்டிகள் வந்து நின்றன. பார்க்க அழகில்லை. அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் மாதம் வைத்தியும் வத்சலாவும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். வைத்தி குளித்தார், சாப்பிட்டார், கூலருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கூலர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூலைகளிலிருந்து வீணை வந்துகொண்டிருந்தது. வத்சலா காபி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"இந்த ரெண்டு பீரோவையும் பின்னால தள்ளிட்டா எங்க கட்டிலைப் போட்டுடலாம்," என்றார் வைத்தி, ஸ்பீக்கர்களைக் காட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்தபடி. "நாளைக்கு ஆள் யாரையாவது கூப்பிடு, மீனா."

மீனாக்ஷி தரையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டும்போது என்ன குரலோ, அதே குரலில் சொன்னாள்.

"அது ரெண்டும் அங்கதான் இருக்கும், அண்ணா. இது என் ரூம். நீங்க இந்த மாசம் இங்க இருங்கோ, பின்னால படுத்துக்கலாம். அதுக்குள்ள கரோல்பாக்ல ஒரு பர்சாத்தி பாத்துக்கோங்கோ, மொட்டைமாடில நல்ல ரூமா கிடைக்கும்."

வைத்தி பேப்பரைத் தாழ்த்தினார். பிறகு காதைத் தடவிக்கொண்டு, கூலரைக் கை காட்டினார்.

"என்ன சொன்னே? இந்தச் சனியன் போடற சத்தத்துல ஒண்ணுமே காதுல விழலை."

மீனாக்ஷி குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் சொல்லவில்லை. அறையில் வீணைக்காரர் ஒரு சுரத்தை மீட்டி, இழுத்து, அது நெளிந்து இறங்கி அடங்குகிறவரை விட்டுவைத்தார். கூலரின் இரைச்சலுக்கு நடுவே அது கடைசி நூலிழைவரை மூன்று பேருக்கும் கேட்டது.

வத்சலா காபியை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எல்லாம் நன்னா விழறதே," என்றாள்.

வைத்தி காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகு, இங்கிருந்து கரோல்பாகுக்கு எந்த பஸ் என்று கேட்டார். மீனாக்ஷி நம்பரைச் சொன்னாள். இந்த முறை அவர் என்ன என்று கேட்கவில்லை.