பென்சிலில் எழுதியவர்

ஏற்காடு டீக்கடை பெஞ்சில் அன்று மூன்று பேர்: சின்ன லாட்ஜ் நடத்தும் நான், எம்.எஸ்சி. படிக்கும் என் மகள், வருமானவரிப் படிவம் எழுதித் தருகிற, காதில் பென்சில் செருகிய ஒருவர்.

“ஏனுங்க, மகளோட ஸ்காலர்ஷிப்பைப் போன வருசம் என் கணக்குல காட்டலீங்க. ஜெயிலுங்களா?”

“அப்பா ரெண்டு நாளாச் சோறே திங்கலீங்க,” என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. “படிக்கக் குடுத்த பணத்துக்கு வரி இல்லீங்க. ஆனா ஹாஸ்டல் செலவைக் கழிக்கவும் முடியாதுங்க.”

படிவத்தைப் பென்சிலில் நிரப்பி, பேனாவை என்னிடம் நீட்டினார். “வெளங்குனதுக்கு மேல மட்டும் மை போடுங்க.”

ஐந்தாவதோடு நின்றவன் நான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் முதல்முறை போலவே பொறுமையாகச் சொன்னார்.

கூலி பத்து ரூபாய். என்னிடம் எட்டுதான் இருந்தது. “மீதிய அப்பறம் குடுங்க” என்று அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுபடி அவரைப் பார்க்கவில்லை. இரண்டு ரூபாய் பாக்கி.